நாட்டுக்காய் ஆன இங்கிலீஷ் காய்

திவசத்தன்று என்னென்ன காய் சமைக்கக்கூடாது என்று நம் பாட்டிகளிடம் ஒரு பட்டியல் உண்டு. உருளைக்கிழங்கு, தக்காளி, முட்டைகோஸ், காலிஃப்ளவர், கேரட், பீன்ஸ் எதுவும் ஆகாது. பல வீடுகளில் மிளகாய்கூடக் கிடையாது, மிளகுதான். வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், அவரைக்காய், சேனை, பிரண்டை, இவைதான் அன்றைக்கு இலையில் விழும். காரணம் கேட்டால், "அதெல்லாம் இங்கிலீஷ் காய்டா, ஆகாது" என்று ஒரே வரியில் பதில் வரும்.

யோசித்துப் பார்த்தால் இந்தப் பட்டியல் ஒரு நல்ல சரித்திர ஆவணம். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. கொலம்பஸ் அந்தப் பக்கம் போன பிறகுதான் இங்கே வந்தன. கோஸும் காலிஃப்ளவரும் ஐரோப்பாக்காரர்கள் கொண்டு வந்தவை. எது எப்போது வந்தது என்று எந்தப் பாட்டியும் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆனால் எது புதுசு, எது பழசு என்ற கணக்கு அடுப்படியில் பத்திரமாக இருந்திருக்கிறது.

வடக்கே குடியேறிய நமக்கு இதில் ஒரு சங்கடம். பிப்ரவரி, மார்ச்சில் திதி வந்தால் வாழைக்காய்க்கு நாலு மார்க்கெட் அலைய வேண்டும். இங்கிலீஷ் காயோ வீட்டு வாசலில் தள்ளுவண்டி நிறைய மலை மாதிரிக் குவிந்து கிடக்கும். இந்த ஊர்க்காரர்களிடம் போய் "கோபி உங்கள் ஊர்க் காய் இல்லை" என்று சொல்லிப் பாருங்கள், விநோதமாகப் பார்ப்பார்கள். குளிர்காலத்தில் ஆலு கோபி இல்லாத வீட்டை உத்தரப் பிரதேசத்திலோ பீகாரிலோ கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஒரு காய் எப்போது 'நம்ம காய்' ஆகிறது? எத்தனை வருஷம் ஆனால்? யார் அதை முடிவு செய்கிறார்கள்? வட இந்தியாவின் வசந்தகாலத் தோட்டத்தின் கதையைத் தேடிப் படித்தபோது எனக்கு ஒரு பதில் கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

பாபரின் முலாம்பழம்

ஊரை விட்டு வந்தவன் முதலில் தேடுவது ஊர்ச் சாப்பாட்டைத்தான். இதில் சக்கரவர்த்தி, குமாஸ்தா என்ற வித்தியாசம் கிடையாது. 1526ல் பானிப்பட்டில் ஜெயித்து ஆக்ராவில் உட்கார்ந்த பாபர், இந்துஸ்தானத்தில் நல்ல முலாம்பழம் இல்லை, திராட்சை இல்லை என்று தன் நினைவுக் குறிப்பில் புலம்பியிருக்கிறார். 1529ல் காபூல் பக்கம் இருந்த நண்பர் குவாஜா கலானுக்கு எழுதிய கடிதத்தில், அங்கிருந்து வந்த ஒரு முலாம்பழத்தை வெட்டித் தின்றபோது அழுதுவிட்டதாகச் சொல்கிறார். மாம்பழ சீசனில் டெல்லியில் உட்கார்ந்துகொண்டு சேலம் மல்கோவாவை நினைப்பவர்களுக்கு இது புரியும்.

பாபர் அழுததோடு நிற்கவில்லை. பால்க் பகுதியிலிருந்து வந்த ஒரு தோட்டக்காரரை வைத்து ஆக்ராவிலேயே முலாம்பழம் பயிரிட்டார். திராட்சையும் வைத்தார். இரண்டும் காய்த்தன. ரொம்ப சந்தோஷம் என்று அதையும் எழுதி வைத்திருக்கிறார்.

கேரியின் டெய்ஸி

பாபருக்கு முந்நூறு வருஷம் கழித்து இன்னொருவர். வில்லியம் கேரி, 1793ல் வங்காளம் வந்த பாதிரியார். செராம்பூரில் அச்சகம் வைத்து இந்திய மொழிகளில் பைபிள் அச்சடித்தவர் என்று நமக்குத் தெரியும். அவருக்குத் தோட்டப் பைத்தியமும் உண்டு. இங்கிலாந்திலிருந்து ஒரு நண்பர் விதைகள் அனுப்பியிருக்கிறார். ஒரு விதைகூட வீணாகக்கூடாது என்று, காலிப் பையையும் நிழலான ஓரிடத்தில் மண்மேல் உதறிவிட்டார் கேரி. சில நாள் கழித்துப் பார்த்தால் அங்கே ஒரு டெய்ஸிச் செடி முளைத்திருக்கிறது. இங்கிலாந்தின் புல்வெளிகளில் சீந்துவாரில்லாமல் பூக்கிற சின்ன வெள்ளைப் பூ அது. கிட்டத்தட்ட முப்பது வருஷம் அதைப் பார்க்காமல் இருந்தவருக்கு வந்த சந்தோஷத்தை அவரே கடிதமாக எழுதியிருக்கிறார். ஜேம்ஸ் மாண்ட்கோமரி என்ற இங்கிலீஷ் கவிஞர் அதை வைத்து ஒரு கவிதையே எழுதினார்.

அதே கடிதத்தில் கேரி ஒரு தொழில் ரகசியத்தையும் சொல்லியிருக்கிறார். ஊரில் வருஷக்கணக்காக நிற்கும் அந்தச் செடி வங்காளத்து மழைக்காலத்தைத் தாங்காது. அதனால் வருஷா வருஷம் விதை எடுத்து வைத்து, மறுபடி விதைத்துத்தான் காப்பாற்ற முடிந்தது. அவருடைய அந்த ஒரு வரியில்தான் இந்தக் கதையின் முடிச்சே இருக்கிறது.

கேரி 1820ல் கல்கத்தாவில் வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தை ஆரம்பித்தார். வெளிநாட்டு விதைகளைத் தருவித்து விநியோகிப்பது, காய்கறிக் கண்காட்சி நடத்துவது, நன்றாக விளைவித்த உள்ளூர் மாலிகளுக்குப் பரிசு கொடுப்பது இதெல்லாம் அதன் வேலை. 'மாலி' என்றால் தோட்டக்காரர். இந்த மாலிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்கள்.

கப்பலில் வந்த விதை

அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து விதை வரவேண்டும் என்றால் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றி வரவேண்டும். நாலு மாதம், ஐந்து மாதம். பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்ட வேண்டும். ஈரமும் வெயிலும் சேர்ந்து பாதி விதையை வழியிலேயே கொன்றுவிடும். 1869ல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகுதான் நிலைமை கொஞ்சம் மேல்.

சரி, ஒரு தடவை வந்து விளைந்துவிட்டால் அதிலிருந்தே விதை எடுத்துக்கொள்ளலாமே? அங்கேதான் சிக்கல். கோஸ், காலிஃப்ளவர், ஐரோப்பிய கேரட் இவையெல்லாம் பூத்து விதை பிடிக்க நல்ல குளிர் வேண்டும். பல வாரங்கள் பத்து டிகிரிக்குக் கீழே நிற்கும் குளிர். அது கிடைத்தால்தான் செடிக்கு 'குளிர்காலம் முடிந்தது, இனிப் பூக்கலாம்' என்று புரியும். கங்கைச் சமவெளியின் குளிர் நமக்கு ஸ்வெட்டர் போட வைக்கும். இந்தச் செடிகளுக்குப் போதாது. கோஸ் உருண்டு திரளும், நாம் சாப்பிடலாம். விதை மட்டும் வராது. அதனால் ஒவ்வொரு வருஷமும் புது விதைக்குக் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

நம் ஊட்டியில் இந்தக் கஷ்டம் குறைவு. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820களில் அங்கே வீடு கட்டி ஐரோப்பியக் காய்கறிகளைப் போட்டுப் பார்த்தார். 1845ல் அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு, மலிவாகக் காய்கறி கிடைக்க ஒரு தோட்டம் ஆரம்பித்தார்கள். 1848ல் மேக்ஐவர் வந்து அதைத் தாவரவியல் பூங்காவாக்கினார். இன்றைக்கு மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் அலைமோதும் அந்தப் பூங்காவின் பூர்வீகம் ஒரு காய்கறித் தோட்டம்தான்! தமிழ்நாட்டில் இங்கிலீஷ் காய்க்கு 'மலைக்காய்' என்று இன்னொரு பெயர் இருப்பதற்கும் இதுதான் காரணம். மலையில் குளிர் உண்டு, சமவெளியில் இல்லை.

ஆகவே சமவெளியில் ஜெயித்த காலிஃப்ளவரின் கதை இன்னும் சுவாரசியமானது.

சஹாரன்பூர் வவுச்சர்

இந்தியாவுக்குக் காலிஃப்ளவர் வந்ததைப் பற்றித் தோட்டக்கலைப் பாடப் புத்தகங்கள் எல்லாம் ஒரே மாதிரி எழுதுகின்றன: 1822ல், சஹாரன்பூர் கம்பெனி பாக் என்ற தோட்டத்தின் பொறுப்பாளர் டாக்டர் ஜெம்சன் இங்கிலாந்திலிருந்து கொண்டு வந்தார். சஹாரன்பூர் டெல்லிக்கு வடக்கே, சிவாலிக் மலையடிவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். ரோகில்லாக்கள் காலத்துத் தோட்டம் ஒன்றை 1817ல் கிழக்கிந்தியக் கம்பெனி தாவரவியல் தோட்டமாக்கியது.

பாங்கில் காலம் தள்ளுபவன் புத்தி, தேதியையும் கையெழுத்தையும் ஒத்துப் பார்க்காமல் வவுச்சரைப் பாஸ் பண்ணாது. அந்தத் தோட்டத்தின் பொறுப்பாளர் வரிசையைப் பாருங்கள். முதலில் ஜார்ஜ் கோவன். 1823ல் ஜான் ஃபோர்ப்ஸ் ராயில். பிறகு ஹ்யூ ஃபால்கனர். வில்லியம் ஜேம்சன் என்பவர் பொறுப்புக்கு வருவது 1840களில். அப்படியென்றால் 1822ல் ஜேம்சன் எப்படிக் கொண்டு வந்திருக்க முடியும்? ஒன்று வருஷம் தப்பு, இல்லை பேர் தப்பு. ஒரு புத்தகத்தைப் பார்த்து இன்னொரு புத்தகம் எழுதிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

கம்பெனி காலத்தில் இங்கிலாந்திலிருந்து வந்தது என்ற மட்டும் சரி. ஆனால் எனக்குப் படுவது வேறு. கொண்டு வந்தவர் யார் என்பதற்கு ஒரு பேர் வேண்டும் என்று எல்லாப் புத்தகமும் மெனக்கெடுகிறது. அதற்குப் பிறகு நடந்த பெரிய காரியத்தைச் செய்தவர்களில் ஒருவர் பேரும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

மாலிகள் செய்த வேலை

வந்தது, இங்கிலாந்தின் குளிருக்குப் பழகிய செடி. சமவெளியில் விதைத்தால் பெரும்பாலான செடிகள் இலையாகவே நின்றுவிடும், அல்லது பூ கட்டுவதற்குள் வெயில் வந்துவிடும். ஆனால் நூறு செடியில் ஒன்றிரண்டு கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும். மற்றவை முழிக்கும்போது அது மட்டும் சீக்கிரமாகப் பூ கட்டும். அதிகக் குளிர் கேட்காமல், வசந்தத்தில் பூ விரிந்து, தண்டு நீண்டு, மஞ்சளாகப் பூத்து, காய் பிடித்து, வெயில் ஏறுவதற்குள் விதை முற்றிவிடும்.

அந்த ஒன்றிரண்டைத்தான் மாலிகளும் காய்கறி விவசாயிகளும் வெட்டி விற்காமல் விட்டு வைத்தார்கள். அதன் விதையை மறுவருஷம் போட்டார்கள். அதிலும் நன்றாக வந்ததை விட்டு வைத்தார்கள். இப்படி வருஷா வருஷம், அப்பனுக்குப் பின் பிள்ளை. விற்றால் அன்றைக்கே காசு வரும் நல்ல பூவை விதைக்காக விட்டு வைப்பது சின்ன விஷயம் இல்லை. அது முதலீடு. அந்த முதலீட்டைப் போட்டவர்கள் பெரும்பாலும் கையில் காசில்லாதவர்கள்.

நூறு வருஷம் கழித்து, 1929ல், கல்கத்தாவில் கடை வைத்திருந்த சட்டன்ஸ் என்ற இங்கிலீஷ் விதைக் கம்பெனி தன் விதைப் பட்டியலில் இந்திய வகைக் காலிஃப்ளவர்களைச் சேர்த்தது. அவற்றின் பேர் என்ன தெரியுமா? பாட்னா, பனாரஸ்! லண்டன் பேரில் வந்த சரக்குக்கு நூறு வருஷத்தில் பனாரஸ் பேர் வந்துவிட்டது. தோட்டக்கலை விஞ்ஞானிகள் இன்றைக்கும் 'இந்தியக் காலிஃப்ளவர்' என்று அதைத் தனி இனமாகவே பிரித்துப் பேசுகிறார்கள். வெள்ளை கொஞ்சம் மட்டு, பூ அவ்வளவு நெருக்கமாக இருக்காது, வாசனை தூக்கலாக இருக்கும். ஆனால் ஐரோப்பிய வகை தலைகாட்டவே முடியாத வெயிலில் பூ கட்டும்.

இங்கே விதைக் கடையில் போய் "கோபி விதை கொடுங்கள்" என்று மட்டும் கேட்டால் கொடுக்க மாட்டார்கள். "எந்த மாசத்து கோபி?" என்று திருப்பிக் கேட்பார்கள். குவாரி, காத்கி, அகஹனி, பூஸி, மாகி என்று எந்த ஹிந்தி மாதத்தில் அறுவடையோ அந்த மாதத்துப் பேர். குவார், கார்த்திக், அகஹன், பூஸ், மாக் என்பவை ஏறக்குறைய நம் புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை. ஒரு இங்கிலீஷ் காய்க்கு மாதத்துக்கு ஒரு வகை, பஞ்சாங்கத்திலிருந்து பேர். பாட்டியிடம் சொன்னால் பட்டியலை மாற்றிக்கொள்வாளோ என்னவோ :-)

யுத்தமும் பிரிவினையும்

மாலிகளால் மாற்ற முடியாத காய்களும் உண்டு. கோஸுக்கும், வெள்ளை வெளேரென்று இருக்கும் ஸ்னோபால் காலிஃப்ளவருக்கும் விதை வெளிநாட்டிலிருந்தே வந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலக யுத்தம் வந்து கப்பல் நின்றது. பிறகுதான் அரசாங்கம் விழித்துக்கொண்டு, இந்த நாட்டிலேயே குளிர் அதிகமான இடத்தைத் தேடி, 1942-43ல் குவெட்டாவில் விதை உற்பத்தியை ஆரம்பித்தது.

1947ல் குவெட்டா பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. மறுபடி இடம் தேடினார்கள். 1949ல் ஹிமாசலத்தின் குலு பள்ளத்தாக்கில், பியாஸ் நதிக்கரையில் கட்ராயின் என்ற ஊரில் காய்கறி ஆராய்ச்சி நிலையம் வந்தது. மணாலிக்கு டூர் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போவார்கள், யாரும் இறங்கிப் பார்ப்பதில்லை. கோஸையும் ஸ்னோபாலையும் இந்தியாவிலேயே விதைக்கு விடும் வேலை அங்கேதான் வளர்ந்தது.

கட்ராயின் நிலையம் பிறகு டெல்லி பூசா இன்ஸ்டிட்யூட்டோடு சேர்ந்தது. பூசா என்பது டெல்லியில் ஒரு இடத்தின் பேர் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அசல் பூசா பீகாரில் இருக்கிறது. 1905ல் அங்கே ஆரம்பித்த இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், 1934 பூகம்பத்தில் கட்டடம் இடிந்ததால் 1936ல் டெல்லிக்கு மாறியது. டிரான்ஸ்பர் ஆனாலும் நாம் ஊர்ப்பேரை இனிஷியலில் வைத்துக்கொள்கிற மாதிரி, அதுவும் தன் ஊர்ப்பேரை விடவில்லை. விதைப் பாக்கெட்டில் 'பூசா' என்று பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பூக்களும் அப்படியே

பிப்ரவரியில் ஜனாதிபதி மாளிகைத் தோட்டம் திறந்தால் டெல்லித் தமிழர்கள் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். லுட்யன்ஸ் வரைந்த திட்டத்தை, மஸ்டோ என்ற தோட்டக்கலை அதிகாரி 1928-29ல் செடி வைத்து முடித்தார். மொகல் கார்டன் என்று இருந்த பேர் 2023 ஜனவரியில் அம்ரித் உத்யான் ஆனது.

அங்கே பூப்பவற்றின் பூர்வீகத்தைப் பாருங்கள். பெட்டூனியாவும் நஸ்டர்ஷியமும் தென் அமெரிக்கா. ஃப்ளாக்ஸ் டெக்சாஸ்; டிரம்மண்ட் என்பவர் 1835ல் அதன் விதையை அங்கிருந்து அனுப்பிவிட்டு, ஊர் திரும்பாமல் அதே வருஷம் கியூபாவில் இறந்துபோனார். ஸ்வீட் பீ இத்தாலியின் சிசிலி. 1699ல் குபானி என்ற துறவி இங்கிலாந்துக்கு அனுப்பிய விதை. செண்டுமல்லி மெக்சிகோ. அது இல்லாமல் இன்றைக்கு எந்தக் கோயில் மாலை, எந்தக் கல்யாணப் பந்தல்? சாமிக்கு ஆகாது என்று அதை யாரும் தள்ளி வைத்ததாகத் தெரியவில்லை.

நாம் செய்யக்கூடியது

என் கேள்விக்குக் கிடைத்த பதில் இதுதான். பாபர், கேரி, கம்பெனி, எல்லோரும் விதை கொண்டு வந்தார்கள். அதனால் மட்டும் செடி இந்த ஊர்ச் செடி ஆகிவிடவில்லை. இந்த மண்ணில் விளைந்ததிலிருந்து யாரோ ஒருவர் விதை எடுத்து, மறுபடி இங்கேயே விதைத்தபோதுதான் ஆனது. வருஷா வருஷம் வெளியிலிருந்து பாக்கெட் வந்துகொண்டிருந்த வரை அது விருந்தாளி.

வடக்கே இருக்கும் நம் வீடுகளில் ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் பையில் விதை வருகிறது. பால்கனித் தொட்டியில் போடுகிறோம். காய்க்கிறது, தின்கிறோம், அடுத்த தடவை மறுபடி ஊரிலிருந்து கொண்டு வருகிறோம். அதை மட்டும் கொஞ்சம் மாற்றலாம். சில குறிப்புகள்:

இந்த ஊரில் ஆடிப்பட்டக் கணக்கு மட்டும் போதாது. வெண்டை, பாகல், புடலை, பீர்க்கு, சுரை, கொத்தவரை இவற்றைப் பிப்ரவரி நடுவில், குளிர் குறைந்ததும் விதைத்தால் வெயில் உச்சத்துக்கு முன் காய்க்க ஆரம்பிக்கும். ஜின்னியா, கோழிக்கொண்டை, சூரியகாந்தியும் இப்போதுதான். வசந்தத்தில் பூக்கிற பான்ஸி, ஃப்ளாக்ஸ், ஸ்வீட் பீ எல்லாம் செப்டம்பர் கடைசி, அக்டோபரில் விதைக்க வேண்டியவை. தசராவை அடையாளம் வைத்துக்கொள்ளலாம்.

விதை எடுக்கப் பட்டாணியும் ஸ்வீட் பீயும் சுலபம். தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் கலப்பு வராது. நன்றாக வந்த செடியில் நாலைந்து காயைப் பறிக்காமல் காய விடுங்கள். வெந்தயம், நஸ்டர்ஷியம், காலெண்டுலாவும் சுலபம்தான். காலிஃப்ளவருக்கு ஒரு செடி போதாது, பக்கத்தில் பல செடிகள் பூத்தால்தான் விதை பிடிக்கும். அதைத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு விட்டுவிடலாம். ஹைப்ரிட் பாக்கெட்டிலிருந்து விளைந்ததை விதைக்கு விடாதீர்கள். அடுத்த தலைமுறை தாய்ச்செடி மாதிரி இருக்காது.

இந்தியாவில் விளைந்ததிலிருந்து விதை எடுக்க, விதைக்க, பரிமாறிக்கொள்ள, விற்கக்கூட விவசாயிக்கு 2001ம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. பதிவு செய்த ரகத்தின் விதையைப் பிராண்ட் போட்டு விற்பது மட்டும் கூடாது. பேர் தெரியாத அந்த மாலிகள் நூறு வருஷம் செய்த வேலைதான் இப்போது சட்டத்தில் உரிமையாக ஏறியிருக்கிறது.

இந்த வருஷம் உங்கள் தொட்டியில் முதலில் காய்க்கும் நல்ல வெண்டைக்காயைச் சாம்பாரில் போடாமல் முற்ற விடுங்கள். காய்ந்ததும் விதையை ஒரு காகிதக் கவரில் போட்டு, மேலே வருஷத்தையும் உங்கள் காலனி பேரையும் எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டு ஹிந்திக்காரர்களுக்கும் நாலு விதை கொடுங்கள்.